கொரியாவுக்கும் நமக்கும் என்ன உறவு?

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை விடாமல் படிப்பவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. போன மாதம் ஏதோ ஒரு கட்டுரையில், சமையல் வேலை செய்யும்போது கொரியப் பாட்டு கேட்பேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அட, இவர்களுமா என்று துள்ளிவிட்டேன்.

நான் திருவாரூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. பல வருஷம் முன்னால் புதுயுகம் டிவியில் தமிழ் பேசிய கொரியத் தொடர்களில் மாட்டிக்கொண்டேன். கொரோனா ஊரடங்கில் முழுசாக விழுந்துவிட்டேன். இப்போது அவர்கள் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அவர்களுடைய கோஸ் ஊறுகாய் கிம்ச்சிகூடப் போடுகிறேன். ஆனால் ஒன்று, உறைப்பு தூக்கிவிடுகிறது. இல்லையென்றால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது.

வீட்டில்தான் கேலி தாங்கவில்லை. "பக்கத்து ஊர் தேரைப் பார்க்கப் போனதில்லை, கொரியாவாம்" என்கிறார் என் கணவர். நாத்தனார் வந்தால் அவரோடு சேர்ந்துகொள்வார். நான் பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை என்பது உண்மைதான். கண்ணால் பார்க்காத நாட்டைப் பிடிக்கும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? சமயத்தில் எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அண்மையில் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது. கன்னியாகுமரிப் பக்கம் ஆய் நாட்டு இளவரசி செம்பவளம் கடல் கடந்து போய்க் கொரிய அரசரைக் கல்யாணம் செய்துகொண்டாளாம், இன்றைக்கு லட்சக்கணக்கான கொரியர்கள் அவள் வம்சமாம். அவர்களும் அம்மா, அப்பா என்றுதானே கூப்பிடுகிறார்கள்! இதைச் சொன்னதும் வீட்டில் எல்லாருக்கும் வாயடைத்துவிட்டது. இது நிஜம்தானே? அவர்களுடைய சோகமும் பாசமும் அப்படியே நம்முடையது மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணமோ? ஆண்கள் மட்டும் நம்மவர்கள் மாதிரி இல்லை. என்ன பதவிசு!

தொடர்களைத் தாண்டி வேறு என்ன பார்க்கலாம், கேட்கலாம் என்றும் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம். போட்டால் நாத்தனார் படிப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

நானும் கொரியாவைப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன், நமக்குள் வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் உரிமை விஷயத்தில் என்னிடம் நடுநிலையான தீர்ப்பை எதிர்பார்க்காதீர்கள்.

போகாமலே கொரியர்களின் மனதில் இடம் பிடித்த ஒருவர் நம் நாட்டிலேயே உண்டு. தாகூர். 1929இல் அவர் ஜப்பானுக்கு வந்திருந்தபோது கொரியாவின் தோங்-ஆ இல்போ நாளிதழ் அவரைத் தங்கள் நாட்டுக்கும் வரச் சொல்லிக் கேட்டது. அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. தாகூரால் போக முடியவில்லை. பதிலுக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தார், ஆசியாவின் பொற்காலத்தில் விளக்கேந்தியவர்களில் ஒருவர் கொரியா, அந்த விளக்கு மறுபடி ஏற்றப்படக் காத்திருக்கிறது என்ற கருத்தில். ஏப்ரல் 2ஆம் தேதி இதழில் அது வெளிவந்தது. இன்றைக்கும் அங்கே படித்தவர்களிடம் தாகூர் என்றால் அந்த விளக்கைத்தான் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நான்கு வரி போதாது என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். அவருடைய கீதாஞ்சலியிலிருந்து ஒரு கவிதையை எடுத்துப் பின்னால் ஒட்டி, எல்லாமே கொரியாவுக்காக எழுதியது போல ரொம்ப காலம் சுற்றிவிட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து நேசிக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, நேசிக்கப்படுகிறவர்களுக்கும் கொஞ்சம் கூட்டிச் சொல்லத்தான் பிடிக்கிறது.

சரி, செம்பவளத்துக்கு வருவோம். வீட்டில் எல்லாரையும் வாயடைத்ததற்கு வாழ்த்துகள். ஆனால் இனிமேல் அதைச் சொல்லாதீர்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. மூலக்கதை எங்கே இருக்கிறது என்றால், 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த சம்குக் யூசா என்ற நூலில். அதிலும் அந்தப் பகுதி 11ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்றின் சுருக்கம். கதை நடந்ததாகச் சொல்லப்படுவதோ கி.பி. 48இல். நடுவில் ஆயிரம் வருஷம் ஓடிவிட்டது. அயுதா என்ற நாட்டின் பதினாறு வயது இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக், பெற்றோர் கண்ட கனவின்படி சிவப்புப் பாய் கட்டிய கப்பலில் வந்து இறங்குகிறாள். அவளை மணக்கும் அரசர் கிம் சுரோ, வானத்திலிருந்து இறங்கிய தங்க முட்டையில் பிறந்தவர். ராணி 157 வயதிலும் ராஜா 158 வயதிலும் காலமானார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, முட்டையை விட்டுவிடுவோம், 157ஐயும் விட்டுவிடுவோம், ஊர்ப்பெயரை மட்டும் வரலாறு என்று எடுத்துக்கொள்வோம் என்றால் எப்படி?

அயுதா எது என்பதில் ஆளுக்கொரு கட்சி. அயோத்தி என்பவர்கள்தான் அதிகம். 2001இல் அயோத்தியில் அந்த ராணிக்கு நினைவுச்சின்னம் வைத்தார்கள், 2018இல் தென்கொரிய அதிபரின் மனைவியே வந்து அதை விரிவாக்கும் வேலையைத் தொடங்கிவைத்தார். தாய்லாந்தின் அயுத்தயா என்று சிலர் சொல்வார்கள். அந்த நகரம் உருவானதே 1351இல்தான், இர்யோன் கண்மூடிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. நம்மவர்கள் ஆய் நாடு என்கிறார்கள். செம்பவளம் என்ற பெயர் அந்த நூலில் எங்குமே இல்லை.

எனக்கென்னவோ அவள் எங்கிருந்து வந்தாள் என்பதைவிட, அந்தக் கதை கொரியாவுக்குள் என்ன செய்தது என்பதுதான் சுவாரசியம். கிம் சுரோவின் வழியில் வந்ததாகச் சொல்லும் கிம்ஹே கிம் குலம்தான் அந்த நாட்டிலேயே பெரியது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். கொரியாவில் கிம் என்ற பெயர் மட்டும் போதாது, எந்த ஊர் கிம் என்று கேட்பார்கள். ஒரே ஊர், ஒரே குடும்பப்பெயர் என்றால் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டமே தடை போட்டிருந்தது. நாற்பது லட்சம் பேரும் அண்ணன் தங்கை! காலேஜிலோ ஆபீசிலோ ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், ரொம்ப தாமதமாக "நீங்க எந்த ஊர் கிம்?" என்று கேட்டுக்கொண்ட ஜோடிகளை நினைத்துப் பாருங்கள். சேர்ந்து குடும்பம் நடத்துவார்கள், ஆனால் திருமணத்தைப் பதிய முடியாது, பிறக்கும் குழந்தைக்கும் சிக்கல். 1978, 1988, 1996 என்று மூன்று முறை அரசாங்கமே தற்காலிகமாகக் கதவைத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கான ஜோடிகள் வந்து பதிந்துகொண்டார்கள். 1997இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அப்புறம் ராணியின் பிள்ளைகளில் இருவர் தாயின் ஹோ என்ற பெயரை எடுத்துக்கொண்டதாகக் கதை, அதனால் கிம்ஹே கிம்களும் கிம்ஹே ஹோக்களும் பெயர் வேறானாலும் வழக்கப்படி சம்பந்தம் செய்வதில்லை. சிவப்புப் பாய்மரக் கதை ஒன்று எத்தனை பேருடைய வரன் பார்ப்பில் மூக்கை நுழைத்திருக்கிறது பாருங்கள். உங்கள் நாத்தனாரிடம் சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்.

அம்மா, அப்பா விஷயத்தை வேகமாகக் கடந்துவிடலாம். குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் உலகத்தில் எத்தனையோ மொழிகளில் பெற்றோர் பெயராகியிருக்கின்றன. கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புத்தகமே போட்டார். இன்றைக்கு மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை.

நமக்கு ஒன்று பிடித்துப்போனால் உடனே அதனோடு சம்பந்தி முறை பேச ஆரம்பித்துவிடுகிறோம். ஜப்பான் பிடித்தால் ஜப்பானியர் தமிழர், கொரியா பிடித்தால் கொரியர் தமிழர். அன்னியராகவே இருக்கட்டுமே, பிடிக்கக் கூடாதா? உறவுக்காரர் என்று நிரூபித்தால்தான் உங்கள் பிரியம் நியாயமாகும் என்றால், உங்கள் கணவர் சொல்வதை நீங்களும் ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

இந்த நோய் நமக்கு மட்டும் இல்லை. கொரியாவை வெளியிலிருந்து உயிராக நேசித்த ஒரு ஜப்பானியர் கதையைச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் இருக்கும் சோகத்துக்கும் அவருக்கும் தொடர்பு இருக்கிறது. யானகி முனேயோஷி. சாதாரண மக்கள் புழங்கும் பானை, சட்டி, துணி இவற்றின் அழகைப் பற்றி எழுதியவர். 1914இல் ஒரு நண்பர் அவருக்கு ஒரு கொரியப் பானையைக் கொண்டுவந்து கொடுத்தார், ஆள் அதில் விழுந்துவிட்டார். 1922இல் ஜப்பானிய ஆட்சி சியோலில் கியோங்போக்குங் அரண்மனைக்கு முன்னால் தன் தலைமைச் செயலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இடைஞ்சலாக இருந்த அரண்மனை வாயில் குவாங்ஹ்வாமுன்னை இடித்துவிட முடிவு. யானகி தன் சொந்த அரசாங்கத்தை எதிர்த்து, சாகப்போகும் ஒருவருக்கு இரங்கல் எழுதுவது போல அந்த வாயிலுக்காக ஒரு கட்டுரை எழுதினார். வாயில் இடிபடவில்லை, பெயர்த்து வேறு பக்கம் நகர்த்தி வைத்தார்கள். நீங்கள் சரித்திரத் தொடர்களில் பார்க்கும் அந்தப் பெரிய வாயில்தான். 2010இல் பழைய இடத்திலேயே திரும்பக் கட்டி முடித்தார்கள்.

இத்தனை செய்த மனிதர்தான் கொரியக் கலையின் சாரமே சோகம் என்றும் எழுதிவைத்தார். பானையின் வளைவில் சோகம், அவர்கள் உடுத்தும் வெள்ளையில் துக்கம். பல பத்தாண்டுகள் கழித்துக் கொரிய அறிஞர்கள் எழுந்து கேட்டார்கள்: எங்களை அடக்கி வைத்திருந்த நாட்டிலிருந்து வந்து, எங்கள் பானையிலும் அழுகையையே பார்த்தால் என்ன அர்த்தம்? நாங்கள் சிரித்ததே இல்லையா? நியாயமான கோபம்தான். யானகியின் அன்பு பொய்யில்லை. பார்க்கும் முன்னாலேயே என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட அன்பு அது. 'அவர்கள் சோகம் நம்முடையது மாதிரி' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

யானகிக்குப் பானை கொடுத்த நண்பரின் தம்பி அசகாவா தகுமி. எனக்கு இவரைத்தான் கூடப் பிடிக்கும். பெரிய சிந்தனையாளர் இல்லை, சியோலில் வனத்துறைச் சோதனை நிலையத்தில் வேலை பார்த்தவர். மொட்டையாகிக் கிடந்த மலைகளில் மரம் வளர்ப்பதும், கொரியப் பைன் விதையை முளைக்க வைப்பதும் அவருடைய அன்றாடம். கொரிய மொழி பேசினார், கொரிய உடை உடுத்தினார். ஓய்வு நேரத்தில் என்ன செய்தார் தெரியுமா? சாப்பாட்டு மேசைகளைப் பற்றித் தகவல் சேகரித்தார்.

சோபான் என்று பெயர். நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள். பணிப்பெண் இரு கையாலும் தூக்கிவந்து ராஜா முன்னால் வைப்பாளே, தட்டும் கிண்ணமும் ஏற்கெனவே பரப்பியிருக்கும் அந்தக் குட்டி மேசை. அடியில் சூடேற்றிய தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடு, சமையல்கட்டு தனியே தாழ்ந்த மட்டத்தில். அங்கிருந்து படியேறி, வாசற்படி தாண்டி, சாப்பாட்டோடு சேர்த்து ஒரே ஆள் தூக்கி வர வேண்டும். அதனால் மேசை ஒரு ஆளின் தோள் அகலத்துக்கு மேல் போகாது, மரமும் லேசாக இருக்கும். நாஜு, தோங்யோங், ஹேஜு என்று ஊருக்கு ஒரு வகை. கால்கள் உள்பக்கம் வளைந்து நின்றால் நாய்க்கால், மேலே வெளியே புடைத்துக் கீழே மெலிந்தால் புலிக்கால். அசகாவா 1929இல் இதற்கென்றே ஒரு புத்தகம் கொண்டுவந்தார். 1931இல் நிமோனியாவில் இறந்தபோது அவருக்கு வயது நாற்பதுதான். பாடையைத் தூக்க அக்கம்பக்கத்துக் கொரியர்கள் போட்டி போட்டார்கள் என்பார்கள். சியோலின் மாங்உரி இடுகாட்டில்தான் அவர் கல்லறை இருக்கிறது. அடுத்த தொடரில் ராஜா முகத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு மேசைக்காலைப் பாருங்கள்.

இப்போது, சமைக்கும்போது நான் கேட்கும் கொரியப் பாட்டு. அதற்குப் பெயர் பான்சோரி. பாடுபவர் ஒருவர், தாளக்காரர் ஒருவர், அவ்வளவுதான் கச்சேரி. தரையில் ஒரு கோரைப்பாய். பாடுபவர் அதன்மேல் நிற்பார், கையில் ஒரு மடக்கு விசிறி. அந்த விசிறிதான் நாடகப் பொருள் முழுக்க: விரித்தால் கடிதம், மடக்கினால் கைத்தடி, இழுத்தால் ரம்பம். தாளக்காரர் புக் என்ற மத்தளத்தை முன்னால் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையால் தோலையும் வலது கைக்குச்சியால் வலந்தலையையும் மரச்சட்டத்தையும் தட்டுவார். பாட்டு, நடுவில் வசனம், மறுபடி பாட்டு என்று கதை போகும். தாளக்காரர் சும்மா தட்டிக்கொண்டு மட்டும் இருக்க மாட்டார், நல்ல இடம் வந்தால் "ஒல்சிகு!" "ச்சோத்தா!" என்று குரல் கொடுப்பார். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு எடுத்துக் கொடுப்பதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா, கிட்டத்தட்ட அந்த வேலை. கேட்பவர்களும் குரல் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும். அமைதியாக உட்கார்ந்திருந்தால் பாடுபவருக்கு ஏறாது.

முதலில் கேட்கும்போது இந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதோ என்று தோன்றும். அந்தக் கரகரப்பைத்தான் வருஷக்கணக்காகச் சாதகம் செய்து வரவழைக்கிறார்கள். பழைய வித்வான்கள் அருவிச் சத்தத்துக்கு எதிரே நின்று தொண்டை உடையும்வரை பாடிப் பழகினார்களாம். ஒரு காலத்தில் பன்னிரண்டு கதைகள் புழங்கின, முழுதாகத் தங்கியவை ஐந்து. 19ஆம் நூற்றாண்டில் கோச்சாங் ஊரைச் சேர்ந்த ஷின் ஜே-ஹ்யோ என்பவர்தான் வாய்வழி வந்த பாடல்களை உட்கார்ந்து ஏட்டில் ஒழுங்கு செய்தார். அதுவரை ஆண்களே பாடிய கலையில் ஜின் சே-சோன் என்ற பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து மேடையேற்றியவரும் அவரே. யுனெஸ்கோ 2003இல் இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

நீங்கள் சிம் சோங் கதையிலிருந்து ஆரம்பியுங்கள். பார்வையில்லாத அப்பா, பிறந்த சில நாளிலேயே தாயை இழந்த பெண் குழந்தை. அப்பா ஊர் ஊராகப் பெண்களிடம் பால் யாசித்து வளர்க்கிறார். ஒருநாள் வாய்க்காலில் விழுந்த அவரைக் காப்பாற்றிய துறவி, கோயிலுக்கு முந்நூறு மூட்டை அரிசி கொடுத்தால் பார்வை வரும் என்கிறார். இவர் முன்பின் யோசிக்காமல் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார். வீட்டில் அடுத்த வேளைக்கே அரிசி இல்லை. கடல் சீற்றத்தைத் தணிக்கப் பெண்ணைப் பலியிடத் தேடிவரும் வணிகர்களிடம் சிம் சோங் தன்னையே விற்றுக்கொள்கிறாள்.

கப்பல் நடுக்கடலுக்குப் போகும் இடம் இருக்கிறதே, அதை ஜின்யாங்ஜோ என்ற ஆக மெதுவான தாளத்தில் பாடுவார்கள். அவசரமே இல்லை. அலை, கரை, பறவை என்று காட்சி காட்சியாக விரியும். சாகப்போகிற பெண்ணை வைத்துக்கொண்டு இவர்கள் ஏன் இயற்கையை வர்ணிக்கிறார்கள் என்று நமக்குக் கோபமே வரும். பிறகு தாளம் முடுக்கிவிடப்படும். ஓடும், இன்னும் ஓடும், பாவாடையைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு குதித்துவிடுவாள். நான் வெங்காயம் நறுக்கும்போது கேட்கும் பகுதி இது. வசதி.

ஆனால் யானகி இதோடு எழுந்து போயிருந்தால்தான் அவர் சொன்னது சரியாக இருந்திருக்கும். கதை பாதிதான் ஆகியிருக்கிறது. மகளைப் பறிகொடுத்த அப்பாவிடம் அவள் விட்டுப்போன பணத்துக்கு ஆசைப்பட்டு பேங்தோக்கின் அம்மா என்று ஒருத்தி வந்து ஒட்டிக்கொள்கிறாள். அவள் குணநலன்களை ஒரே மூச்சில் அடுக்கிப் பாடுவார்கள்: அரிசியை அள்ளிக் கொடுத்து அரிசிப்பணியாரம் வாங்கித் தின்பாள், காசைக் கொடுத்துக் கள் வாங்குவாள், போகிற வருகிற ஆண்களிடம் புகையிலை கேட்பாள், பட்டப்பகலில் மண்டபத்தில் படுத்துத் தூங்குவாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சற்று முன் கண் துடைத்தவர்கள்தான். அவள் வேறு ஒருவனோடு ஓடிப்போகிறாள், குளிக்கப்போன கிழவரின் துணியையும் எவனோ தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அதற்குப் பிறகு நெல் குத்தும் பெண்களோடு அவர் பேசும் பேச்சை இங்கே எழுத முடியாது.

கடைசியில், தாமரையில் பிழைத்து வந்து ராணியாகிவிட்ட சிம் சோங், அப்பாவைத் தேடுவதற்காக நாட்டிலுள்ள பார்வையில்லாதவர்கள் எல்லாருக்கும் விருந்து வைக்கிறாள். "என் மகளா? எங்கே, பார்ப்போம்" என்று கிழவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் திறக்கிறார். அவருக்கு வந்தால் போதுமே? போதாதாம். விருந்துக்கு வந்த எல்லாருக்கும் பார்வை வருகிறது. வழியில் வந்துகொண்டிருந்தவர்களுக்கும், திரும்பிப் போனவர்களுக்கும், நின்றவர், உட்கார்ந்தவர், அழுதவர், சிரித்தவர், கோபித்துக்கொண்டிருந்தவர் எல்லாருக்கும் வருகிறது. ஆடு மாடுகளைக்கூட விடவில்லை. தாளம் குதிரை வேகத்தில் ஓட, பாடுபவர் மூச்சு விடாமல் அடுக்க, அழுகையும் சிரிப்பும் எனக்கு ஒன்றாக வரும். முழுக்கதை நாலைந்து மணி நேரம் போகும். இந்தக் கடைசிப் பகுதி மட்டும் சில நிமிடந்தான், இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது, சப்டைட்டிலோடும் உண்டு. இதை முதலில் கேளுங்கள். பிடித்தால் கப்பல் காட்சிக்குத் திரும்புங்கள்.

ஆண்கள் பதவிசு என்கிறீர்கள். அந்தப் பதவிசான ஆண்களை எழுதுவது யார் என்று தொடரின் தலைப்பு எழுத்துகளில் பாருங்கள். கொரியத் தொடர் எழுத்தாளர்களில் பெண்கள்தான் மிகுதி. அதனால்தான் கதாநாயகனுக்குக் குடை பிடிக்கத் தெரிந்திருக்கிறது. நிஜத்தில் 2008 வரைக்கும் அங்கே குடும்பப் பதிவேடு ஒரு தலைவரின் பெயரில்தான் இருக்கும். தலைவர் இறந்தால் பதவி மகனுக்கு, அவன் கைக்குழந்தையாக இருந்தாலும். பெற்ற தாய் அவனுக்குக் கீழே. பெண்கள் பல வருஷம் போராடிய பிறகுதான் அது ஒழிந்தது. ச்சூசோக் என்ற அறுவடைப் பண்டிகை வந்தால் மருமகள்கள் புகுந்த வீட்டு முன்னோர் படையலுக்காக நாள் முழுக்கக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து அடை சுட்டு இடுப்பொடிவார்கள். பண்டிகை வந்தாலே வரும் தலைவலி, வயிற்றுவலிக்கு அங்கே தனிப்பெயரே உண்டு, வருஷா வருஷம் பத்திரிகைகள் எழுதும். 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 0.72, உலகத்திலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. வீட்டு விலை, வேலை நேரம், பள்ளிப் போட்டி என்று காரணம் பல இருந்தாலும், அந்தப் பெண்கள் குடையை மட்டும் நம்பிக் கழுத்தை நீட்டத் தயாராக இல்லை என்பது தெரிகிறது. இது தெரிந்தபிறகும் எனக்குத் தொடர்கள் பிடிக்கின்றன. குடை பிடிக்கும் ஆண் யாருக்குக் கனவாக இருக்கிறான் என்று இப்போது புரிகிறது, அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கிறது.

கிம்ச்சி. இதில் எனக்கு உங்களைவிடக் கொஞ்சம் அனுபவம் கூடுதல் என்று நினைக்கிறேன். உறைப்பு தூக்குவதற்குக் காரணம் நம் குண்டு மிளகாய். அவர்கள் மிளகாய் நல்ல சிவப்பு, காரம் குறைவு, விதையெடுத்துக் கொரகொரவென்று உடைத்திருப்பார்கள். ஹூண்டாய் ஆலை வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூரிலும் சென்னையிலும் கொரியர்கள் நிறையக் குடியேறிவிட்டதால் அவர்கள் கடைகளில் அந்தத் தூள் கிடைக்கிறது. திருவாரூரில் தேடி அலைய வேண்டாம், காஷ்மீரி மிளகாயை விதை நீக்கி மிக்சியில் ஒரு சுற்று மட்டும் ஓட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த உறவு வேண்டாம் என்றேனே, மிளகாய் வழியாக ஒன்று உண்டு, அதை நம்பிச் சொல்லலாம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த செடி அது. போர்த்துக்கீசியர் வந்த பிறகே நம் சமையலுக்கு வந்தது. கொரியாவிலோ 1614ஆம் ஆண்டு நூல் ஒன்றில்தான் அதைப் பற்றிய பழைய குறிப்பு இருக்கிறது. அதற்கு முன்பு அவர்கள் கிம்ச்சியிலும் நம் குழம்பிலும் அந்தச் சிவப்பு கிடையாது.

கொழகொழப்புக்குக் காரணம் உப்பில் ஊறியது போதாததும், தண்ணீர் வடியாததும். கல்லுப்பைக் கோஸின் தடித்த தண்டுப் பக்கம் அதிகமாகத் தேய்த்து நாலைந்து மணி நேரம் விடுங்கள். தண்டை வளைத்தால் முறியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வடிதட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கவிழ்த்துப் போடுங்கள். அவர்கள் உப்பில் போட்ட இறால் சேர்ப்பார்கள். அசைவம் ஆகும் என்றால் உங்கள் பக்கத்து நாகப்பட்டினம் சென்னாக்குனியை வறுத்துப் பொடித்துப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட வரும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு ராத்திரி வெளியே இருந்தால் போதும், காலையில் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். பாட்டிலை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள், அடியில் ஒரு தட்டு வையுங்கள். பொங்கி வழியும். அப்புறம் வாசனைக்கு நாத்தனார் என்ன சொல்வார் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
அக்கா